உபகார் கப்பலின் நாற்பத்தொரு நாள்

நன்னிலத்திலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமானால் திருவாரூர் போய் வேறு பேருந்து பிடிக்க வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு ரெமிஜியஸ் நான்கு வருடமாக ஒரு கப்பலின் வரலாற்றை எழுதிக்கொண்டிருந்தார். கப்பலை உடைத்துப் பழைய இரும்பாக விற்று இருபத்தேழு வருடம் ஆகிவிட்டது. அதில் வேலை பார்த்தவர்கள் ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். வருடத்துக்கு ஒரு முறை எங்காவது கூடிச் சாப்பிடுவார்கள். அடுத்த கூட்டத்துக்கு நினைவு மலர் போடுவது என்று தீர்மானமானதும், எழுதத் தெரிந்த ஆள் யார் என்று தேடி, கடைசியில் எழுத ஆசைப்பட்ட ஆளிடம் கொடுத்துவிட்டார்கள்.

கப்பலின் பெயர் ஐ.என்.எஸ். உபகார். அதைப் போர்க்கப்பல் என்று யாராவது சொன்னால் ரெமிஜியஸே திருத்துவார். அது மற்றப் போர்க்கப்பல்களுக்குப் பழுது பார்க்கும் கப்பல். உள்ளே லேத் இருந்தது, வார்ப்பு உலை இருந்தது, வெல்டிங் பட்டறை இருந்தது, பல் பிடுங்கும் நாற்காலிகூட ஒன்று இருந்தது. பக்கத்தில் வந்து கட்டிக்கொள்ளும் கப்பலுக்கு மின்சாரமும் நல்ல தண்ணீரும் கொடுக்கும். முப்பத்து மூன்று வருடச் சேவையில் அது ஒரு குண்டுகூடச் சுட்டதில்லை. எழுபத்தொன்றில் மற்ற கப்பல்கள் யுத்தத்துக்குப் போனபோது, உபகார் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நின்று எந்தக் கப்பலின் சுழல்தண்டுக்கோ பேரிங் கடைந்துகொண்டிருந்தது.

அதன் சொந்த உடம்பு மட்டும் எப்போதும் சரியில்லை. ஒரு முறை நடுக்கடலில் எஞ்சின் நின்றுபோன கப்பலுக்கு உதவி செய்யப் போய், இரண்டு நாள் உழைத்து அதை ஓட வைத்தார்கள். ஓட வைத்த கையோடு உபகாரின் கொதிகலன் குழாய் வெடித்துவிட்டது. குணமான கப்பல்தான் வைத்தியரைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு கரைக்கு வந்தது. ரெமிஜியஸின் வரலாற்றில் இந்தச் சம்பவம் இல்லை. ஏன் இல்லை என்று மனைவி அருள்செல்வி கேட்டதற்கு, "வரலாறுன்னா எல்லாத்தையும் எழுதணும்னு சட்டமா?" என்றார்.

சங்கத்தில் பல மொழிக்காரர்கள் இருந்ததால் ஆங்கிலத்தில் எழுதினார். சாயங்காலம் அருள்செல்விக்குத் தமிழில் சொல்லிக் காட்டுவார். தமிழில் சொல்லும்போது கப்பல் இன்னும் கொஞ்சம் பெரிதாகிவிடும்.

ரெமிஜியஸுக்கு இப்போது அறுபத்து நான்கு வயது. பதினேழு வயதில் கடற்படையில் சேர்ந்து, இருபத்தாறு வருடம் எஞ்சின், கொதிகலன், குழாய் என்று கழித்து, சீஃப் என்ற பதவியோடு வெளியே வந்தவர். இரண்டு ஏக்கர் சம்பா போடுகிறார். ஊரில் யாருடைய ஆயில் எஞ்சின் நின்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவருடைய எஞ்சின் மட்டும் மாதக்கணக்கில் கொட்டகையில் பிரித்துப் போட்டபடி கிடக்கும். உபகாரிடமிருந்து அவர் கற்றுக்கொண்டு வந்தவற்றில் இதுவும் ஒன்று.

அருள்செல்விக்கு அறுபது. போன ஆனி மாதம் அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. முதலில் மாடிப்படியில், பிறகு வாசற்படியில். எக்ஸ்ரே எடுத்ததில் வலது நுரையீரலைச் சுற்றி நீர் கட்டியிருந்தது. ஊசி போட்டு ஒரு லிட்டருக்கு மேல் எடுத்தார்கள். நம் ஊரில் நுரையீரலில் நீர் என்றால் எந்த மருத்துவருக்கும் முதலில் தோன்றுவது டிபிதான். தோன்றாமல் இருந்தால்தான் தப்பு. ஆறு மாத மாத்திரை தொடங்கியது. அருள்செல்வி ஒரு வேளை தவறாமல் சாப்பிட்டார். நீர் மறுபடி கட்டியது. மறுபடி எடுத்தார்கள். மூன்றாவது முறை எடுத்தபோது அதில் லேசாக ரத்தம் கலந்திருந்தது. தஞ்சாவூரில் வேலை பார்க்கும் மகள் ஜெனிட்டா, "போதும்மா, இங்க வந்து ஸ்பெஷலிஸ்ட்கிட்ட காட்டிடலாம்" என்று முடிவெடுத்தாள்.

நுரையீரல் மருத்துவர் மதிவதனிக்கு நாற்பது வயதுகூட இருக்காது. ஸ்கேன் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டி, பேசாமல் ரொம்ப நேரம் பார்த்தார். மருத்துவர்கள் பேசாமல் படம் பார்க்கும் நேரம் எதிரில் இருப்பவர்களுக்கு மட்டும் வேறு கடிகாரத்தில் ஓடும்.

"அம்மா, எங்கயாவது மில்லுல, ஃபேக்டரில வேலை பாத்திருக்கீங்களா?"

"ரைஸ் மில்லுக்குப் போவேன் டாக்டர். நெல்லு அவிச்சு எடுத்துட்டுப் போய் அரைச்சுட்டு வருவேன்."

"நெல்லுத் தூசி எனக்குத் தெரியும்மா. எங்கம்மாகூடக் களத்துக்குப் போயி வளந்தவதான் நானு. நுரையீரலுக்கு மேல உறை மாதிரி ஒண்ணு இருக்கு. அதுல அங்கங்க சுண்ணாம்பு படிஞ்ச மாதிரித் திட்டு தெரியுது. நெல்லுத் தூசி இந்த வேலை செய்யாது." கொஞ்சம் யோசித்தார். "கல்நார் தெரியுமா? ஆஸ்பெஸ்டாஸ். அது பக்கத்துல இருந்திருக்கீங்களா?"

"மாட்டுக் கொட்டகை மேல நாலு ஷீட்டு போட்டிருக்கோம்."

"அது பாட்டுக்குக் கிடந்தா இவ்வளவு ஆகாது. அறுக்கறது, உடைக்கறது, தூளாக்கறது மாதிரி?"

"அதெல்லாம் இல்லீங்க."

மதிவதனி பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம் திரும்பினார். "சார் என்ன வேலை பாக்குறீங்க?"

பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரிடம், உரக்கடையில், கூட்டுறவு வங்கியில், கல்யாணப் பந்தியில் என்று எங்கே யார் கேட்டாலும் ரெமிஜியஸின் பதில் ஒன்றுதான். கேட்காவிட்டாலும் அதே பதில்தான். பங்குச் சாமியார் பாவசங்கீர்த்தனத்தில்கூடப் பாவத்துக்குப் பதிலாக உபகாரின் கதையைத்தான் கேட்டிருக்கிறார் என்று ஜெனிட்டா கேலி செய்வாள்.

"விவசாயம்" என்றார் ரெமிஜியஸ்.

அது பொய்யும் இல்லை. இரண்டு ஏக்கர் நிற்கிறதே.

அருள்செல்வி அவரைத் திரும்பிப் பார்த்தார். வெளி மனிதர் முன்னால் கணவரைத் திருத்துவதில்லை என்பது அவர் முப்பத்தொன்பது வருடமாக வைத்திருந்த வழக்கம். அன்றும் திருத்தவில்லை.

மதிவதனி சீட்டில் எழுதினார். "சரி. இன்னும் பதினஞ்சு நாள் இதே மாத்திரை சாப்பிடுங்க. திரும்பத் தண்ணி சேந்துச்சுன்னா, விலாவுல சின்னதா ஒரு துளை போட்டு, கேமரா விட்டு, உறையிலேருந்து கொஞ்சம் சதை எடுத்துப் பாத்துடுவோம். காரணம் ஏதாவது தெரிஞ்சிருந்தா இந்த வாரமே பண்ணிடலாம்னு சொல்லியிருப்பேன். தெரியாம ஏன் துளை போடணும்?"

திரும்பும் பேருந்தில் வலங்கைமான் தாண்டியதும் அருள்செல்வி கேட்டார்.

"என்னங்க, நேவின்னு சொல்லலையே?"

"இப்ப என்ன வேலைன்னுதானே கேட்டாங்க."

"ஓஹோ" என்று அருள்செல்வி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கல்நார் என்ற வார்த்தை டாக்டர் வாயிலிருந்து வந்தபோதே ரெமிஜியஸுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அவர் எழுதிய வரலாற்றின் ஏழாவது அத்தியாயம் அதைப் பற்றித்தான். மலரின் அட்டைப் படம்கூட அந்த அத்தியாயத்திலிருந்துதான்.

உபகாரில் ஒரு வழக்கம் இருந்தது. எந்தக் கப்பல் வந்து பக்கத்தில் கட்டினாலும், அதன் பொறியாளர் முதலில் ஒரு பழுதுப் பட்டியலைக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். பட்டியலில் இல்லாத இயந்திரம் கண்ணெதிரே புகைந்தாலும் உபகார்க்காரர்கள் தொட மாட்டார்கள். உபகாரின் சொந்தப் பழுதுகளுக்கோ பட்டியலே கிடையாது. ஊர்க் கப்பலுக்கெல்லாம் பழுது பார்க்கிறவர்கள் தங்கள் பழுதைக் காகிதத்தில் எழுதிக் கப்பல் பட்டறைக்கு அனுப்புவதா என்று ஒவ்வொரு கேப்டனும் கூச்சப்பட்டார். பட்டறை எட்டு மாதம் ஆகும் என்று சொல்கிற வேலையை, யாருக்கும் சொல்லாமல் தங்கள் ஆட்களை வைத்தே முடித்துக்கொள்வார்கள்.

எண்பத்தாறில் அப்படித்தான் நடந்தது. நீராவிக் குழாய்களைச் சுற்றிச் சூடு வெளியே வராமல் கல்நாரைப் பூசிக் கட்டியிருப்பார்கள். கப்பல் பழசு, பூச்சு முழுக்க உளுத்துப்போயிருந்தது. கொதிகலன் அறையில் பதினொரு பேர் இறங்கி, பழையதை உளியால் கொத்தி எடுத்து, புதியதைக் குழைத்துப் பூசி, நாற்பத்தொரு நாளில் முடித்தார்கள். முகத்தில் கைக்குட்டை கட்டியிருந்தார்கள். அதுவும் புழுக்கத்தில் நாலாம் நாள் கழன்றுவிட்டது. முடித்த அன்று எடுத்த படத்தில் பதினொரு பேரும் மாவு மில்லிலிருந்து வந்தவர்கள் போல வெள்ளையாக நின்று சிரிக்கிறார்கள். அட்மிரல் பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்.

கப்பல் டோபி மட்டும் உடம்பு முழுக்க மூடும் அந்த ஓவரால் உடுப்புகளைத் தொட மாட்டேன் என்றுவிட்டான். அவற்றோடு சேர்த்து வெளுத்தால் அதிகாரிகளின் சட்டையெல்லாம் உடம்பில் அரிக்கிறதாம். கப்பலில் பொறியியல் படித்தவர்கள் ஒரு டஜன் பேர் இருந்தார்கள். அந்தத் தூசி ஆகாது என்று சொன்ன ஒரே ஆள் டோபிதான். அவனும் சட்டையை நினைத்துத்தான் சொன்னான். ஆகவே கல்யாணமானவர்கள் அவரவர் ஓவராலை வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். ரெமிஜியஸ் எடுத்துப் போன வீடு விசாகப்பட்டினத்துக் குடியிருப்பில் இரண்டாவது மாடி. அருள்செல்விக்கு அப்போது இருபத்து மூன்று வயது. ஜெனிட்டா தவழ்ந்துகொண்டிருந்தாள்.

இந்தத் தூசி முப்பது, நாற்பது வருடம் கழித்து என்ன செய்யும் என்று விளக்கிய ஒரு செய்தி ஆறு வருடத்துக்கு முன் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. ரெமிஜியஸ் அதை முழுக்கப் படித்தார். தன் நெஞ்சைத் தட்டிப் பார்த்துக்கொண்டார், ஒன்றுமில்லை. 'வந்தபடியே அனுப்புகிறேன்' என்று மேலே போட்டு நாற்பது பேருக்கு அனுப்பிவிட்டு வயலுக்குப் போய்விட்டார். துவைத்தவர்களைப் பற்றியும் அதில் ஒரு வரி இருந்தது. அந்த வரி இப்போதுதான் ஞாபகம் வந்தது.

அதன்பின் ஒவ்வொரு நாளும் அவர் சொல்லிவிடுவதாக இருந்தார். காலையில் டாக்டருக்கு போன் போடலாம் என்று எண்ணைத் தேடுவார்; பிறகு, டாக்டரிடம் சொன்னால் செல்விக்குத் தெரிந்துவிடுமே என்று வைத்துவிடுவார். செல்வியிடமே முதலில் சொல்லலாம் என்று அடுப்படி வரை போவார். உறுதியாகத் தெரியாமல் ஏன் பயமுறுத்த வேண்டும் என்று திரும்புவார். டிபியாகவே இருந்துவிடாதா என்று ஒரு மனம். டிபிக்காக இப்படி ஏங்கிய மனிதர் மாவட்டத்தில் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

எஞ்சின் ஓடும் சத்தத்தை வைத்தே எந்த வால்வு கெட்டது என்று சொல்லிவிடுகிற காது அவருக்கு. அந்தக் காது இப்போது நாள் முழுக்க அடுப்படிப் பக்கமே இருந்தது. அருள்செல்வி குடத்தைத் தூக்கினால் எத்தனை மூச்சு, கூட்டிவிட்டு நிமிர்ந்தால் எத்தனை மூச்சு என்று எண்ணிக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை பன்னிரண்டு. வியாழக்கிழமை பத்தொன்பது.

"என்ன அப்படிப் பாக்குறீங்க?" என்றார் அருள்செல்வி.

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா நாலு நாளா என் பின்னாடியே வர்றீங்க? போயி அந்த எஞ்சினைப் பூட்டுங்க."

வெள்ளிக்கிழமை ரெமிஜியஸ் நாகூரில் இருக்கும் மீரா உசேனைக் கூப்பிட்டார். மலரின் அட்டைப் படத்தில் இடமிருந்து மூன்றாவது ஆள். கப்பலில் ரெமிஜியஸுக்குக் கீழே வேலை பார்த்தவர். இன்றும் சீஃப் என்றுதான் கூப்பிடுவார்.

"உசேன், எய்ட்டி சிக்ஸ்ல பாய்லர் ரூம்ல நாம பதினோரு பேரு. இப்ப எத்தனை பேரு இருக்கோம்?"

"மலருக்கா சீஃப்?"

"மலருக்குத்தான்."

மீரா உசேன் வாய்விட்டு எண்ணினார். "ஆறு பேரு இருக்கோம். போனவங்க அஞ்சு. ரெண்டு ஹார்ட்டு. பாட்டீல் லாரியில அடிபட்டது உங்களுக்கே தெரியும். ஒருத்தருக்குச் சர்க்கரை. மொகந்தி மூச்சுத் தெணறிப் போனாரு. சிகரெட்டுனால வந்துச்சுன்னாங்க. அவரு சிகரெட் பிடிச்சு நான் பாத்ததே இல்ல. இதையெல்லாமா மலர்ல போடப் போறீங்க? போட்டோவை மட்டும் பெருசாப் போடுங்க சீஃப். அதுல நான் நல்லா இருப்பேன்."

சனிக்கிழமை காலை, ரெமிஜியஸ் களை பறிப்பவர்களோடு வயலில் நின்றபோது, அருள்செல்வி காபித் தூக்கோடு வரப்பில் வந்தார். பாதி வழியில் தூக்கைக் கீழே வைத்தார். பிறகு அவரும் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். ரெமிஜியஸ் ஓடிப் போய்ப் பக்கத்தில் நின்றார். அருள்செல்வி ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், சொல்லுவதற்குக் காற்றில்லை. கையை மட்டும் பொறுங்கள் என்பது போலக் காட்டினார். அன்று ரெமிஜியஸ் எண்ணவில்லை.

ஜெனிட்டாவுக்குப் போன் போட்டு, பதினைந்து நாள் காத்திருக்க வேண்டாம், திங்கட்கிழமையே டாக்டரைப் பார்க்க ஏற்பாடு செய் என்றார். பிறகு மேஜையில் உட்கார்ந்து ஒரு வெள்ளைத் தாளில் கட்டம் போட்டார். வாயால் சொல்ல வராததை எழுத அவருக்கு ஒரு படிவம் தெரியும். வரிசை எண். எந்த இடம். என்ன பழுது. எப்போதிலிருந்து. காரணம் என்று கருதுவது. டாக்டருக்கு ஆங்கிலம் தெரியும் என்றாலும் தமிழில் எழுதினார். உபகாரைப் பற்றி அவர் தமிழில் எழுதியது அதுதான் முதல் தடவை. '1986 ஆகஸ்ட் 4 முதல் செப்டம்பர் 13 வரை நாற்பத்தொரு நாள் நான் கப்பலில் கல்நார் கொத்தினேன். என் ஓவரால் ஒன்றை இவர் தினமும் வீட்டில் துவைத்தார். சென்ற முறை விவசாயம் என்று சொன்னது தவறு.' கீழே பெயர், பதவி, சேவை எண், கையெழுத்து. மடித்து ஆஸ்பத்திரி ஃபைலுக்குள் வைத்தார்.

அந்த ஃபைல் எப்போதும் அருள்செல்வி மடியில்தான் இருக்கும். அதில் உள்ள ஒவ்வொரு காகிதத்தையும், ரத்தப் பரிசோதனைச் சீட்டு உட்பட, அவர் பேருந்தில் எடுத்துப் படிப்பார். இது ரெமிஜியஸுக்குத் தெரியாததல்ல.

திங்கட்கிழமை கும்பகோணத்தில் வண்டி மாறி உட்கார்ந்ததும் அருள்செல்வி தாளை விரித்தார். ரெமிஜியஸ் எதிரிருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தார். பாபநாசம் வந்தது. பேருந்து நின்று, ஆள் இறங்கி, ஏறி, கிளம்பியது.

"இது தப்பு" என்றார் அருள்செல்வி.

"எது?"

"நாப்பத்தோரு நாள்னு போட்டிருக்கீங்க. கிறிஸ்துமஸ் வரைக்கும் வெள்ளையாத்தானே வந்தீங்க? குடில் கட்டறப்பகூடத் தலையெல்லாம் தூசி. உங்க தலையத் தட்டினாப் பனி போடவே வேணாம்னு சொன்னேன்."

"பூச்சு மாத்தற ரீஃபிட் வேலை நாப்பத்தோரு நாள்தான் செல்வி. அதுக்கப்புறம் அங்கங்க விட்டுப் போனதை..."

"துவைச்சது நானு. எனக்குத் தெரியாதா? அப்புறம் ஒரு ஓவரால்னு எழுதியிருக்கீங்க. நாலு. கல்யாணமாகாத பசங்க மூணு பேருதையும் பையில அடைச்சு எடுத்துட்டு வருவீங்க. பாவம் செல்வி, சோப்பு நான் வாங்கித் தர்றேன்னீங்க." நிறுத்தி மூச்சு வாங்கினார். "பேனா இருக்கா?"

ரெமிஜியஸ் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். ஓடும் வண்டியில் எழுத்து ஆடியது. அருள்செல்வி நாற்பத்தொரு நாளை அடித்து நாலரை மாதம் என்று எழுதினார். ஒன்றை அடித்து நான்கு என்று எழுதினார். பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்தார்.

"கோவமா?" என்றார் ரெமிஜியஸ்.

"அப்ப யாருக்கு என்ன தெரியும். பத்து நாளைக்கு முன்னாடி தெரியும்ல? அதுக்குத்தான் கோவம். இறங்கினதும் எனக்கு ஒரு டீ வேணும்."

மதிவதனி தாளைப் படித்தார். அடித்தலைப் பார்த்து, "இதை யாரு திருத்தினது?" என்றார்.

"நான்தான் டாக்டர். அவருக்குக் கணக்குத் தெரியாது."

ரெமிஜியஸ் திட்டு வாங்கத் தயாராக வந்திருந்தார். டாக்டர் திட்டவில்லை. நேராக அருள்செல்வியிடம், "துவைக்கறதுக்கு முன்னாடி துணியை உதறுவீங்களாம்மா?" என்று கேட்டார்.

"உதறாம எப்படித் துவைக்கறது? தண்ணியில போட்டா மாவாக் கரையும். பால்கனியில உதறினாக் கீழ் வீட்டுத் தெலுங்கம்மா சத்தம் போடும், அவங்க துணி மேல விழுதுன்னு. அதனால ரூமுக்குள்ள ஜன்னலைச் சாத்திட்டு உதறுவேன்."

மதிவதனி எழுதுவதை ஒரு நொடி நிறுத்தினார். "அப்ப வீட்டுல வேற யாரு இருந்தா?"

கணவன் மனைவி இருவரும் ஒரே நேரத்தில், கதவருகே நின்றுகொண்டிருந்த ஜெனிட்டாவைப் பார்த்தார்கள்.

"எனக்கு என்ன?" என்றாள் ஜெனிட்டா.

புதன்கிழமை விலாவில் துளை போட்டுச் சதை எடுத்தார்கள். அதே துளை வழியாகக் குழாய் வைத்து இரண்டு லிட்டர் நீர் வடிந்தது. சதையைச் சென்னைக்கு அனுப்பினார்கள். முடிவு வரப் பத்து நாள் ஆகும், புற்றுநோயா இல்லையா என்பது அதில்தான் தெரியும் என்று மதிவதனி சுற்றி வளைக்காமல் சொன்னார். இந்தத் தூசியால் வருகிற புற்றுநோய்க்கு நல்ல பேர் கிடையாது என்பதையும், ஜெனிட்டா தனியாகப் போய்க் கேட்டபோது சொன்னார். ஜெனிட்டா அதை அப்பாவிடம் சொல்லவில்லை. அப்பா அதை ஆறு வருடத்துக்கு முன்பே படித்திருந்தார். அவரும் மகளிடம் சொல்லவில்லை. அப்பாவும் மகளும் ஒரே விஷயத்தை ஒருவருக்கொருவர் தெரியாமல் பாதுகாத்துக்கொண்டு மகளுடைய வீட்டில் பத்து நாள் இருந்தார்கள்.

ரெமிஜியஸ் அந்த நாட்களில் சந்தை, கோவில், மருந்துக்கடை என்று மாறி மாறி நடந்தார். உட்கார முடியவில்லை. ஒரு நாள் வரலாற்றின் ஏழாவது அத்தியாயத்தைத் திருத்தலாம் என்று எடுத்தார். 'சாதனை' என்ற சொல் நான்கு இடத்தில் இருந்தது. முதல் இடத்தில் அடித்தார். அங்கே வேறு என்ன போடுவது என்று தெரியவில்லை. காகிதத்தை மறுபடி பைக்குள் வைத்துவிட்டார். அருள்செல்வி மட்டும் நீர் வடிந்த சுகத்தில் நன்றாகத் தூங்கினார், பேத்தியின் நோட்டுக்கு அட்டை போட்டார், மருமகன் வாங்கிவந்த மீனைப் பழசு என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். வேளாங்கண்ணிக்கு வேண்டிக்கொள்ளவில்லையா என்று பக்கத்து வீட்டில் கேட்டதற்கு, மாத்திரைக்கும் மாதாவுக்கும் ஒரே வேலையைக் கொடுத்தால் ரெண்டு பேரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுவார்கள் என்றார்.

பத்து நாள் பன்னிரண்டு நாளானது. பதின்மூன்றாம் நாள் காலை மதிவதனியே கூப்பிட்டு வரச் சொன்னார். நல்ல செய்தி என்றால் போனிலேயே சொல்லியிருப்பாரே என்று ரெமிஜியஸும், கெட்ட செய்தி என்றால் ஜெனிட்டாவிடம் சொல்லியிருப்பாரே என்று அருள்செல்வியும் ஆட்டோவில் வாதாடிக்கொண்டு போனார்கள். பாதி வழியில் ரெமிஜியஸ் வாதாடுவதை நிறுத்திவிட்டார்.

மதிவதனி அவர்கள் உட்காரும்வரைகூடக் காத்திருக்கவில்லை. "புத்து இல்ல" என்றார்.

ரெமிஜியஸ் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கல்நார்தான் காரணம். உறை தடிச்சுப் போயி, அந்த எரிச்சல்ல தண்ணி கட்டுது. டிபி மாத்திரையை இன்னையோட நிறுத்திடலாம். ஆனா ஒண்ணு, இப்ப இல்லைன்னு எழுதித் தருவேன், இனிமே வராதுன்னு எழுதித் தர முடியாது. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ஸ்கேன். விடாம வரணும். சாருக்கும் எடுக்கணும், உங்க பொண்ணுக்கும் எடுக்கணும்."

"எனக்கு ஒண்ணும் இல்லீங்க டாக்டர்" என்றார் ரெமிஜியஸ்.

"அவருக்கு நாளைக்கே எழுதிடுங்க" என்றார் அருள்செல்வி.

மதிவதனி எழுதினார். எழுதிக்கொண்டே, "உங்ககூட வேலை பாத்தவங்க எத்தனை பேரு சார்?" என்று கேட்டார். தன்னையும் சேர்த்துப் பதினொன்று என்றார் ரெமிஜியஸ். இருப்பவர்கள் ஆறு என்றார். "ஆறுன்னு சொல்லாதீங்க. அவங்க வீட்டுல துவைச்சவங்களையும் சேத்துக்குங்க" என்றார் டாக்டர்.

ஊருக்குத் திரும்பிய அன்று மத்தியானமே ரெமிஜியஸ் போனை எடுத்து உட்கார்ந்தார். முதல் எண் மீரா உசேனுடையது. அவர் விஷயத்தைக் கேட்டார். பிறகு, எனக்கு இருமல்கூட இல்லை, போன வருடம்தான் செக்கப் செய்தேன் என்றார்.

"உனக்கும் எடுக்கணும் உசேன், அதை அப்புறம் பேசுவோம். ஹமீதாம்மாகிட்ட போனைக் குடு."

நாற்பது வருடப் பழக்கத்தில் ரெமிஜியஸ் அந்த வீட்டுப் பெண்ணிடம் போனில் பேசியதே இல்லை. சலாம் சொல்லச் சொல்வதோடு சரி. மறுமுனையில் ஏதோ கலந்து பேசும் சத்தம் கேட்டது. பிறகு ஹமீதா பானு வந்தார்.

"சொல்லுங்கண்ணே. செல்வியக்கா நல்லா இருக்காங்களா?"

"இருக்காம்மா. ஒண்ணு கேக்கணும். வைசாக்ல இருந்தப்ப, எய்ட்டி சிக்ஸ்ல, உசேனோட ஓவரால யாரு துவைச்சா?"

"இது என்னண்ணே கேள்வி. நான்தான் துவைச்சேன். வேற யாரு வருவா?"

ரெமிஜியஸ் முழுவதையும் சொன்னார். இந்த முறை படிவம் எதுவும் போடாமல் வாயாலேயே சொன்னார். எண்பத்தாறு, குழாய், தூசி, டோபி, அருள்செல்வியின் நுரையீரல், தஞ்சாவூர் டாக்டர். நடுவில் இரண்டு இடத்தில் அருள்செல்வி பக்கத்திலிருந்து திருத்தினார். ஹமீதா பானு எல்லாவற்றையும் கேட்டு முடித்தார்.

"ஸ்கேனுக்கு வெறும் வயித்துல போகணுமாண்ணே?" என்று கேட்டார்.

ரெமிஜியஸுக்குத் தெரியவில்லை. அருள்செல்வியிடம் கேட்டார். அது எடுக்கிற இடத்தைப் பொறுத்தது, போகிறதுக்கு முன்னால் அங்கே போன் போட்டுக் கேட்டுவிடச் சொல்லுங்கள் என்றார் அருள்செல்வி. ரெமிஜியஸ் அதை அப்படியே சொல்லிவிட்டு, அடுத்த எண்ணை அழுத்தினார்.